அடிவரிசை ஏழு

விடிகாலை நாலேமுக்காலுக்கு ஜூட்டுக்கு விழிப்புத் தட்டியது. வீட்டில் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை.

ஏழு வருடமாக அந்த வீட்டில் ஃபேன் ஓசைக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சீறல் தொடங்கும், மேலே ஏறும், ஏறி முடிகிற இடத்தில் நூல்போல ஒரு விசில் கேட்கும், பிறகு இறங்கும். மகள் டெபோராவின் இடது நுரையீரல் அடியிலிருந்து வருகிற விசில் அது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அந்த இடத்தை அவன் சொல்லிவிட்டான். இஞ்சின்மேல் திருப்புளி நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குக் கொடுத்து, உள்ளே எது தேய்கிறது, எது இடிக்கிறது என்று சொல்கிற பிழைப்பு அவனுடையது. மகளுக்குத் திருப்புளிகூட வேண்டியதில்லை. இரவெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியிருந்தான்.

எழுந்து லைட்டைப் போட்டான். ஒன்பது வயதுப் பெண் பாயில் மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. மூக்குக்குக் கீழே விரலை நீட்டினான். விரல் மரத்துப்போகிற அளவுக்குக் காத்திருந்த பிறகு மெல்லிசாகக் காற்று பட்டது. மார்கழிக் காலையில் பட்டறை ஷட்டரைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது.

"என்னங்க?" என்றாள் நான்சி, கண்ணைத் திறக்காமலே.

"சத்தமே இல்ல."

"இல்லாட்டி நல்லதுதானே. வேளாங்கண்ணிக்கு முடி எறக்குறேன்னு வேண்டியிருக்கேன்ல. எழுப்பி விட்டுறாதீங்க, லைட்ட அமத்துங்க."

அணைத்தான். படுப்பதற்குமுன் மகளின் தலையணையில் டீசல் வாடை அடித்தது. தன் கையை மோந்து பார்த்தான். சோப்பு வாடைதான் இருந்தது.

பட்டறை, சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இருந்தது. போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கான பட்டறை. முதலாளி மணியனின் சொந்த ரிக்குகளே ஆறு, வட மாநிலங்களில் ஓடிக்கொண்டிருந்தன. போன மாதம் மலேசியாவிலிருந்து பழைய டிரில் பைப் என்று வந்த கன்டெய்னரின் அடியில், தார்ப்பாயும் கிரீஸும் சேர்ந்து கெட்டிப்பட்ட ஒரு பொதியாக அந்த இஞ்சின் கிடந்தது. பிரித்துப் பார்த்த அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

நடுவில் தண்டு. தண்டைச் சுற்றி வட்டமாக இரண்டு வரிசை சிலிண்டர். வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் இருபத்திரண்டு. லாரி இஞ்சினில் ஆறு சிலிண்டருக்கு மேல் பார்த்திராத ஆட்கள் கையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து, அதன் மேலிருந்த தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய், மறுநாள் போனில் சொன்னார். ரெண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சோதனைக்குச் செய்த விமான இஞ்சினாக இருக்கலாம். கடல் தாண்டிப் போய்க் குண்டு போடுகிற பெரிய விமானத்துக்கு. இதைச் செய்து முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. ஒருநாளாவது ஓடியிருக்குமா என்பதே சந்தேகம்.

மணியன் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனப்பா ஜூட்டு, எம்பது வருசமா மூச்சு உடாத இஞ்சின நம்ம பட்டறையில சுத்த வெச்சுப்போடோணும். ஓட்டக்கூட வேண்டாம். கையில சுத்துனாப் போதும். திங்கக்கிழம சொந்தபந்தத்தையெல்லாம் வரச் சொல்லிப்போட்டேன், தேங்கா ஒடச்சு நான்தான் மொதச் சுத்து சுத்துவேன்."

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழியின் மேல் இரும்புச் சேனல் போட்டு, பின்பாதி குழிக்குள் இறங்கும்படி, தண்டு மேலே பார்க்க அதை நிறுத்தினார்கள். சுற்றிலும் இரும்புத் தகடு பரப்பினார்கள். தண்டில் நாலடிப் பைப்பைக் குறுக்கே மாட்டினால் ஆள் சுற்றி நடந்து தள்ளலாம். செக்கு மாதிரி.

இறுகிப்போன இஞ்சினிடம் அவசரம் ஆகாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி ஊறவிட வேண்டும். தினம் ஒருமுறை பைப்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். மேல்வரிசைக்குப் புனல் எட்டியது. அடிவரிசை, மேல்வரிசையின் சந்துகளுக்குள் ஒளிந்திருந்தது. ஜூட் டூல்ஸ் பெட்டியைத் துழாவினான். டெபோராவுக்கு ஆவி வைக்கிற மெஷினின் பழைய டியூப் கிடைத்தது. புது மெஷின் வாங்கியபோது எதற்காவது ஆகும் என்று எடுத்துப் போட்டது. ஐந்து வருடம் அவள் முகத்தில் மாட்டியிருந்த டியூப். கேனை உயரத்தில் வைத்து, டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சி, டீசல் நாக்கில் பட்டதும் ஓட்டைக்குள் விடுவது லாரி ஓடுகிற ஊரில் எல்லோரும் செய்கிற வேலை.

கேஸ் கட்டிங் வேலை பார்க்கிற சிவக்குமார் பக்கத்தில் நின்று பார்த்தான். "ஏ மாப்ள, புள்ளைக்கு ஆவி வெச்சது போதாதுன்னு இஞ்சினுக்கும் வெக்கறயா? ஜப்பான்காரனுக்கு வீசிங்கா?"

"வாய மூடிட்டுக் கேன சாய்டா."

ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒருமுறை உறிஞ்சித் துப்பினான். ஏழாவது ஓட்டையில் டியூப்பை விட்டதும் அது விரலை விட்டு உள்ளே போனது. நழுவி விழுகிற வேகம் வேறு. இது இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற இழுப்பு. இறுக்கிப் பிடித்தான். அறுந்தது. ஒரு சாண் நீளம் உள்ளே தங்கிவிட்டது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சிலிண்டர்மேல் சாக்பீஸால் 7 என்று எழுதினான்.

அது செவ்வாய்க்கிழமை. வீட்டில் சத்தம் நின்றது புதன்.

புதன் பகலில் பைப் இரண்டு விரற்கடை அசைந்தது. நான்கு பேர் தொங்கித் தள்ளியபோது, உள்ளே எங்கோ ஆழத்தில் பலாப்பழம் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். பட்டறையே கத்தியது. மணியன் எல்லோருக்கும் டீயும் வடையும் சொன்னார். ஆட்கள் ரோட்டோரக் கடைக்குப் போனதும் ஜூட் மண்டியிட்டு, பழக்கத்தில், திருப்புளியை ஒவ்வொரு சிலிண்டராக ஊன்றிக் கேட்டான். இறுகிய இரும்பில் என்ன கேட்கும். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்வது, ரோட்டில் போகிற லாரியின் அதிர்வு, தன் காதுக்குள் ஓடுகிற ரத்தம். ஆறு. வெறும் இரும்பு. ஏழு.

சீறல். மேலே ஏறியது. நூல்போல விசில். இறங்கியது.

திருப்புளியை எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். காற்று எங்கோ கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடைபட்டிருந்த காற்று. எண்பது வருடக் காற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனான். வடையைச் சிவக்குமாரிடம் கொடுத்துவிட்டான்.

வியாழனன்று பைப் கால் வட்டம் போனது. வெள்ளியன்று அரை வட்டம். வீட்டில் டெபோரா ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள், நான்சி வாங்கிக் கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தாள். மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை.

"அப்பா, இன்னிக்குத் தண்ணித் தொட்டியில மூஞ்சிய முக்குற போட்டி. பக்கத்து வீட்டு ரூபன் இருவது எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சுட்டான். நான் எவ்ளோ தெரியுமா?"

"எவ்ளோ?"

"முந்நூறு. அவனுக்கு அதுக்குமேல எண்ணத் தெரியல."

நான்சி சிரித்தாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

அன்று சாயந்திரம் டெபோரா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜூட் அவளுக்குப் பக்கவாட்டில், சட்டை மடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். விளம்பரம் வந்தது. ஐந்து விளம்பரம் போனது. மடிப்பு அசையவில்லை. பிறகு அவள் திரும்பி, "அப்பா, வால்யூம் கூட்டுங்க" என்றாள். அதைச் சொல்வதற்குமுன் ஒரே ஒரு தடவை நெஞ்சு ஏறி இறங்கியது. பேசுவதற்கு வேண்டிய காற்று. அவ்வளவுதான் எடுத்தாள்.

அவள் தூங்கிய பிறகு எவர்சில்வர் டம்ளரை மூக்கருகே பிடித்தான். ஆவி படியவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பப் பிடித்தான். டம்ளரில் அவன் முகம்தான் தெரிந்தது.

"நான்சி, புள்ளையச் சேலம் கூட்டிட்டுப் போயிறலாம். எனக்கு என்னமோ சரியாப் படல."

"என்னன்னு சொல்லுவீங்க டாக்டர்கிட்ட? நல்லாருக்கான்னா?" அவள் குரல் உடைந்தது. "ஏழு வருசம் உக்காந்துட்டே தூங்குனேன் நான். மூணு நாளாத்தான் படுத்துத் தூங்குறேன். எந்த அப்பனாவது புள்ளைக்கு நோவு போயிருச்சுன்னு அழுவானா?"

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

சனிக்கிழமை மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஜூட் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் குழியோரம் போனான். கரண்ட் இல்லை. கம்ப்ரசர் நின்றிருந்தது. பைப்பைத் தொட ஆள் யாரும் இல்லை. இஞ்சினில் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்கப் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைப்பது ஃபிட்டர் வேலையின் முதல் பாடம். ஒருவன் சுற்ற, காற்று விரலைத் தள்ள வேண்டும். யாரும் சுற்றவில்லை. சந்துக்குள் கையை விட்டு ஏழாவது ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்தான்.

இழுத்தது.

விரல் சதை உள்ளே குவிந்தது. இழுப்பு நின்றது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வந்தது. வெதுவெதுப்பான காற்று. ஈரம். கையை உருவி மோந்து பார்த்தான். டீசல் இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது. அதற்கடியில் நெஞ்சில் தேய்க்கிற தைல வாடை. ஸ்ட்ராபெரி நிறத்தில் ஒரு சிரப் கொடுப்பார்களே, அந்த வாடை.

கட்டைவிரலில் சிவப்பாக ஒரு வட்டம். சாயந்திரம் வரை மறையவில்லை.

"முதலாளி, அந்த ஏழாவது சிலிண்டரக் கழட்டணும். உள்ள டியூப் மாட்டியிருக்கு."

"டியூப்புதான? கெடந்துட்டுப் போவுது. திங்கக்கிழம முடியட்டும் சாமி, அப்பறம் நீ என்ன வேணாப் பண்ணு. இப்ப கைய வெச்சீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஞாயிறு காலை நான்சியையும் டெபோராவையும் பூசைக்கு அனுப்பிவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஜூட் பட்டறைக்கு வந்தான். அடிப்பக்கத்து நட்டு ஒருவனால் ஆகாது. சிவக்குமாரை வரச் சொல்லியிருந்தான்.

ஷட்டரைத் தூக்கியதும் சிவக்குமார் நின்றான். "கம்ப்ரசரு எதாச்சும் லீக் ஆவுதா மாப்ள?"

வாசலிலேயே கேட்டது. காலியான கூரைக்கு அடியில், தூசியில், தகர ஓட்டை வழியே விழுந்த வெயிலில். சீறல், ஏற்றம், விசில், இறக்கம். திருப்புளி தேவைப்படவில்லை.

"மெயின் சுச்சு ஆப்புலதான் இருக்குது" என்றான் சிவக்குமார், சுவரைப் பார்த்து.

சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி நட்டுகள். முதல் நட்டு தளர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது தளர்ந்தபோது சிலிண்டருக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, உஸ்ஸென்று ஒரு நீண்ட காற்று வெளியே போனது. பலூனின் முடிச்சை அவிழ்த்த மாதிரி. போய் முடிந்தது.

சத்தம் நின்றது.

போன் அடித்தது.

"என்னங்க!" நான்சி கத்தினாள். "கோயில்ல இருந்து வந்து செருப்பக் கழட்டிட்டிருந்தா, அப்படியே விழுந்துட்டாங்க! மூச்சு இல்லங்க! ஒதடு நீலமாயிருச்சு!"

ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தகட்டின்மேல் வைத்தான். மூன்று நட்டையும் இறுக்கினான். இறுக்கி முடித்துவிட்டுக் கேட்டான். ஒன்றும் இல்லை. இரும்பு. வெறும் இரும்பு.

பைப்பைப் பிடித்துத் தள்ளினான். நேற்றுவரை நான்கு பேர் தள்ளிய பைப். நகர்ந்தது. தகடு அவன் காலடியில் டங்கென்றது. ஓட்டை காற்றை இழுத்தது.

"வந்துச்சு!" என்றாள் நான்சி. "வந்துச்சுங்க, மூச்சு வந்துச்சு! மாதாவே!"

அவன் நின்று போனைப் பார்த்தான்.

"ஐயோ. நின்னுருச்சு. மறுபடி நின்னுருச்சு!"

தள்ளினான். ஒரு சுற்று. ஒரு மூச்சு. இன்னொரு சுற்று. நடந்தால் போதவில்லை. ஓட வேண்டியிருந்தது. டங், டங், டங் என்று தகடு. போனுக்குள்ளிருந்து மகளின் இழுப்பு, ஓட்டைக்குள்ளிருந்து அதே இழுப்பு, இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

"உடு மாப்ள, நான் சுத்தறேன்." சிவக்குமார் பைப்புக்குக் கையை நீட்டினான். மாற்றிக்கொடுக்கிற நேரத்தில் பைப் நின்றது. இரண்டு விநாடி. போனில் நான்சியின் அலறல்.

"தொடாத!"

சிவக்குமார் கையை எடுத்துக்கொண்டான்.

"அங்க டங்கு டங்குன்னு கேக்குதே, அது நிக்கறப்ப இவளுக்கும் நிக்குதுங்க" என்றாள் நான்சி. இப்போது அவள் கத்தவில்லை. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "என்ன பண்றீங்க அங்க? என்னவோ பண்ணுங்க. நிறுத்திறாதீங்க. கால்ல விழுறேன், நிறுத்திறாதீங்க."

"மூச்சு விடு சாமி" என்று அவன் சொன்னான். "அப்பா சுத்துறேன். விடு சாமி."

ஆம்புலன்ஸ் வந்த சத்தம் கேட்டது. யாரோ ஆக்ஸிஜன் என்றார்கள். யாரோ, உள்ள போக மாட்டேங்குதே என்றார்கள். கதவு சாத்துகிற சத்தம். சைரன். நான்சி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலம் ரோடு. அவர்கள் தூரமாகப் போகப் போக இங்கே சத்தம் குறையவில்லை.

பிறகு போன் ஒரு தடவை கீச்சிட்டது. திரை கறுத்தது.

"சார்ஜ் போயிருச்சு" என்றான் சிவக்குமார்.

"உன் போனுல போடு."

"உன்ற ஊட்டுக்காரி நம்பர் எனக்குத் தெரியாதே மாப்ள."

அவன் வாய் திறந்தான். அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. போனில் பெயரைத் தொட்டுத்தான் பழக்கம். கூப்பிட வேறு யார் நம்பரும் வரவில்லை. நின்று யோசித்தால் வரலாம். நிற்க முடியாது.

சுற்றினான்.

அடிவரிசை ஏழில் சீறல் ஏறியது. விசில். இறங்கியது. அது அவள்தான் என்று வைத்துக்கொண்டு சுற்றினான். கூரை வழியே விழுந்த வெயில் வட்டங்கள் தகட்டின்மேல் இடம் மாறின. உள்ளங்கை கிழிந்து பைப் வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொள்ள நேரம் இல்லை.

சிவக்குமார் சுவரோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"மாப்ள."

"பேசாத."

"இல்ல மாப்ள. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடற. உனக்கு மூச்சே வாங்குல."

ஜூட் ஓடினான். கால் எரிந்தது. தோள் எரிந்தது. நெஞ்சு எரியவில்லை. நெஞ்சு அமைதியாக இருந்தது. ஒரு கையைப் பைப்பிலிருந்து எடுத்து, விரலை மூக்குக்குக் கீழே வைத்தான். அரை வட்டம் காத்திருந்தான். முழு வட்டம்.

ஒன்றும் படவில்லை.

வாயில் டீசல் ருசி. செவ்வாய்க்கிழமையின் ருசி.

ஷட்டர் பக்கம் சிவக்குமாரின் செருப்புச் சத்தம் பின்வாங்கிப் பின்வாங்கி ரோட்டுக்குப் போனது. பிறகு ஓடியது.

ஏழில் மகளின் மூச்சு ஏறியது. அதற்கடுத்த எட்டில், கனமாக, ஒரு ஆம்பளையின் மூச்சு ஏறியது. இரண்டும் சேர்ந்து இறங்கின.

அவன் மறுபடி இரண்டு கையாலும் பிடித்தான். டங். டங்.

போன சுற்றைவிடப் பைப் ஒரு நூல் இறுகியிருந்தது.